ஆறு வரிக்குள்

ஆறு வரி, அதற்குமேல் இடமில்லை என்றார் டாவெட்.
வீங்குகிற சொல் என்பதால்
அகராதியும் வீங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்
தன் நகைச்சுவைக்குத் தானே இருமினார்.

பைசுமா. எங்கள் எஸ்தோனிய மொழியில்
பெரிதாகிற பலவற்றுக்கும் இந்த ஒரு வினைதான் ஓடிவரும்.
தார்த்துவில் ஏப்ரல். என் ஜன்னலுக்குக் கீழே
அன்னையாறு பனிக்கட்டியை உதறிவிட்டு
கரையோர பெஞ்சுகளின் முழங்கால்வரை ஏறியிருந்தது.

முதலில் மாவு.
ரை மாவு இரவெல்லாம் புளித்துத்
துணியைத் தள்ளிக்கொண்டு உப்பும்.
எடுத்துக்காட்டு என் சமையலறையிலிருந்தே கிடைத்தது,
காலையில் மேசையைச் சுரண்டியதை மட்டும் எழுதவில்லை.

அடுத்து மொட்டு. பிர்ச் கிளைகளில் விம்மும்.
அழுகையென்று நினைத்துவிடாதீர்கள்;
நினைத்தாலும் தப்பில்லை,
மார்ச்சில் அவற்றைக் கீறினால் நீர் சொட்டத்தான் செய்கிறது.

மூன்றாவது, வெள்ளம்.
சோமாவில் நான்கு பருவமும் போதாமல்
ஐந்தாவதாகத் தண்ணீரையும் ஒரு பருவமென்று வைத்திருக்கிறார்கள்.
அங்கே படகில் கடிதம் கொடுக்கும் மைமுவை
ஒரு வாக்கியம் கேட்டுத் தொலைபேசியில் பிடித்தேன்.
ஆறு எங்கே பெருகிற்று,
எங்கள் வாசற்படி அல்லவா தாழ்ந்துபோயிற்று என்றாள்.
அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டேன்.
பயன்படாது, தெரியும்.

உடம்பு வீங்குவதும் இதே சொல்லில்தான்.
இதன் வேரில் சீழ்க்கட்டிக்கு ஒரு பெயர் கிளைத்திருக்கிறது,
அதே வேரில் அணைக்கும் ஒன்று.
தடுத்தால் பெருக்கும் என்பது
இந்த மொழிக்கு எப்போதோ
பல்வலியோடு தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு பேச்சு. ஊதிப் பெருக்குவது.
என் அண்ணன் பெய்ப்சி ஏரியில் பிடித்த மீன்
சுட்டுத் தின்று பதினோரு வருடமான பிறகும்
கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு சாண் வளர்கிறது.
இந்த வருடம் அதற்கு மீசையும் முளைத்துவிட்டது.

ஐந்து வரி முடிந்தது.
மீதி ஒன்றில் மரம், நீராவி, பணவீக்கம்,
காயம்பட்ட கௌரவம் எல்லாம் நெருக்கியடித்து ஏற வேண்டும்,
கடைசிப் பேருந்தில் ஏறுவதுபோல.

எழுதிக்கொண்டிருக்கையில் ஹெல்யுவின் மேசையைத் தூக்கிப் போனார்கள்.
ஒன்பது வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து
எல்லா ஆப்பிளையும் கொட்டையோடு தின்றவள்.
ஹெல்சிங்கியில் பெயின்ட் கடையில் வேலை,
சம்பளம் இங்கேபோல் இரண்டரை மடங்கு.
லினோலியத்தில் நான்கு கால் பதிந்த நான்கு குழி.
என் இருமல் சுவரில் முட்டித்
தாமதமாகத் திரும்பி வந்தது.

அறையில் எதுவும் உப்பவில்லை, பருக்கவில்லை,
புடைக்கவில்லை, பொங்கவில்லை.
ஆனால் அளந்து பார்த்தால்கூட
நேற்றைவிடப் பெரியது என்றுதான் சொல்லியிருப்பேன்.
புது அட்டை எடுத்தேன். பொருள் ஏழு:
அவள் அகன்றாள். அறை அகன்றது.

டாவெட் ஏழை அடித்துவிட்டார்.
சான்று ஒன்றே ஒன்று, அதுவும் உங்களுடையது என்று
ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்,
அதற்குக் கீழே சின்னதாக, எனக்கும் கேட்கிறது என்று.

சாயங்காலம் எண்டெல் இழைப்புளியோடு வந்தார்.
ஈரத்தில் பருத்துச் சட்டத்தில் சிக்கிய கதவை
தோளால் இடித்தே ஒரு வாரம் திறந்திருந்தோம்.
எவ்வளவு எடுக்கட்டும் என்றார்.
இப்போது ஒட்டச் செதுக்கினால்
ஜனவரியில் மரம் சுருங்கும்,
சந்துவழி வரும் காற்று அட்டைகளைப் புரட்டும்.

கொஞ்சம் உரசட்டும் என்றேன்.
சுருள் சுருளாக விழுந்ததை
அவர் பெருக்குமாற்றால் கூட்டிப் பையில் அள்ளினார்.
கதவிலிருந்து எடுத்ததோ ஒரு நகத்தின் கனம்,
பை நிறைந்து வாய் கட்ட வரவில்லை.